மூன்று முறை ரயில் வந்த ஊர்

விடியற்காலை நாலரை மணி. சிலமலையில் டீக்கடை அடுப்பு அப்போதுதான் பற்றியிருக்கிறது. பெண்கள் ஒவ்வொருவராக ரோட்டுக்கு வருகிறார்கள். கையில் தூக்குவாளி, சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற பழைய முழுக்கைச் சட்டை, பைக்குள் மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். கீழே புழுங்கித் தள்ளுகிற நாளிலும் அந்தத் தாள் பையில் இருக்கும். மேலே மழையா வெயிலா என்பதைச் சிலமலையில் நின்று சொல்ல முடியாது. ஜீப் வந்து நிற்கிறது. ஏறுகிறார்கள் என்பதைவிட அடுக்கப்படுகிறார்கள் என்றால் பொருந்தும். முன்சீட்டில் டிரைவரோடு சேர்த்து நாலு பேர், பின்னால் எத்தனை பேர் என்று எண்ணுவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. வடக்கே போய்ப் போடி, அங்கிருந்து மேற்கே திரும்பிப் போடிமெட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு. மெட்டைத் தாண்டினால் கேரளம், ஏலத்தோட்டம்.

போடி என்கிற போடிநாயக்கனூரின் ரயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஜீப்தான். காரணம் இருக்கிறது.

ரயில் ஊர் என்று உலகத்தில் ஒரு ஜாதி ஊர் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் பீட்டர்பரோ என்று ஒன்று இருக்கிறது. மூன்று வெவ்வேறு அகலத் தண்டவாளங்கள் வந்து சந்தித்த இடம். ரயில் வந்ததால் பிழைத்த ஊர், பட்டறை மூடியதும் சுருங்கிப்போனது. பழைய எஞ்சின் கொட்டகையை இன்றைக்கு அருங்காட்சியகமாக்கி டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். போடியின் வட்டாரத்திலும் மூன்று அகலத் தண்டவாளம் ஓடியிருக்கிறது. இரண்டு முறை ரயிலைப் பறிகொடுத்த ஊர் இது. ஆனால் இது சுருங்கவில்லை. ரயில் இல்லாத வருஷங்களில்தான் இங்கே தெருவுக்குத் தெரு ஏலக்காய்க் கிட்டங்கி முளைத்தது. அப்படியும் ரயிலை மட்டும் மறக்கவில்லை. கட்டிக் கொடுத்த மகளைக் கேட்பதுபோல, மறுபடி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ரயில் இல்லாத மூன்று ஸ்டேஷன்கள்

போடிக்கு ரயில் வருவதற்கு முன்பே மலை உச்சிக்கு ரயில் வந்துவிட்டது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

மூணாறில் கண்ணன் தேவன் கம்பெனி தேயிலை போட ஆரம்பித்த காலம். விளைந்த தேயிலையை வெளியே கொண்டுபோக வேண்டும். 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும், பெரிய சக்கரம் பக்கத்து ரோட்டில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கும், இழுப்பது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் முறையான குட்டி ரயில் பாதையே போட்டார்கள். அந்தப் பாதை முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் செங்குத்தான மலைச்சரிவு, கீழே நம் குரங்கணி, கொட்டகுடி. அந்தச் சரிவில் கம்பி கட்டி, தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு ஐந்து கிலோமீட்டர் இறக்கினார்கள். கம்பி வந்து சேரும் அடிவாரம் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர். பிறகு ரயிலடி, துறைமுகம், கப்பல், லண்டன்.

மேலே டாப் ஸ்டேஷன், நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். ரயில் அற்றுப்போய் நூறு வருஷம் கழித்தும் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. குரங்கணியில் இறங்கி நடப்பவர்களிடம் ‘சென்ட்ரலுக்கு எவ்வளவு நேரம்’ என்று கேட்டால் மணிக்கணக்கில் ஏற்றம் சொல்வார்கள். சென்னைவாசி ஒருவர் இதைக் கேட்டு விழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1924 ஜூலையில் பெய்த மழையை மலையாளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம்’ என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. அந்த வெள்ளம் குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளத்தைத் திரும்பப் போடவில்லை. அடுத்த பதினோரு வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே பாலம் திறந்தார்கள். மூணாறுத் தேயிலைக்கு மேற்கே கொச்சிப் பக்கம் நல்ல ரோடு கிடைத்துவிட்டது. கிழக்கே கம்பியில் தொங்கி இறங்க வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது.

இதற்கு நடுவில் 1928-இல்தான் போடிக்கு ரயில் வந்தது என்பதுதான் இந்தக் கதையின் குசும்பு. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை போட்டு முடித்தபோது, மலைமேல் இருந்த ரயில் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மேலே ஒரு ரயிலும் கீழே ஒரு ரயிலும் ஒரே காலத்தில் ஓடியதே இல்லை. நடுவில் கம்பி, மாட்டுவண்டி, மனுஷன் தலை.

முதல் ரயில், இரண்டாம் ரயில்

முதல் ரயிலுக்கு ஆயுசு பதினாலு வருஷம். இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு தேவைப்பட்டது. வருமானம் குறைந்த கிளைப் பாதைகளில் வெள்ளைக்கார அரசாங்கம் கைவைத்தது. 1942-இல் மதுரை–போடித் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயிலை நிறுத்துவது வேறு, தண்டவாளத்தைப் பெயர்த்தெடுப்பது வேறு. நின்ற ரயில் நாளைக்கு ஓடலாம் என்று வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம். வெறும் சரளைக்கல் மேட்டைப் பார்த்து என்ன பேசுவது?

சுதந்திரம் வந்த பிறகு, 1950-களில், மறுபடி தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்கள். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது ரயில்தான். அது வேகத்துக்குப் பேர் போனது இல்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது, இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு ஓடிவந்து ஏறலாம் என்று கேலி செய்வார்கள். கணவாயின் இந்தப் பக்கம் வந்துவிட்டால் காற்றே வேறு. மதுரைப் பக்கத்து வெக்கை பின்னால் நிற்க, எதிரே மேற்கு மலை நீலமாக எழுந்து வரும். தேனியைத் தாண்டினால் அந்த நீலம் பச்சையாகும். போடியில் ரயில் நிற்கும்போது மலை முழு ஜன்னலையும் அடைத்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல் போக இடமில்லை என்பதை யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

கடைசி ஸ்டேஷன் என்பதற்கு ஒரு குணம் உண்டு. நடு ஸ்டேஷனில் ரயில் வந்தால் இறங்குகிறவர் அவசரமாக இறங்குவார், ஏறுகிறவர் அவசரமாக ஏறுவார். போடியில் அந்த அவசரம் இருந்ததில்லை. தூங்குகிறவரை எழுப்பக்கூட மாட்டார்கள், தானே எழுந்து வருவார். மூட்டையை மெதுவாக இறக்கலாம். எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையில் மாட்டுவதைப் பிள்ளைகள் நின்று பார்க்கலாம். நானும் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போகிற ரயிலில் நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறோம் என்று குழம்பிய சின்ன வயசு சந்தோஷம் கடைசி ஸ்டேஷன்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது.

காய்

போடியில் ‘காய்’ என்றால் ஏலக்காய். கத்தரிக்காய், வாழைக்காய்க்கெல்லாம் முழுப்பெயர் சொல்ல வேண்டும்.

தேயிலை மேற்கே திரும்பியபோது ஏலக்காய் ஏன் திரும்பவில்லை? தேயிலை பெரிய கம்பெனிகளின் பயிர். கம்பெனி எந்த ரோட்டைக் காட்டுகிறதோ அந்த ரோட்டில் போகும். ஏலம் அப்படி இல்லை. உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை, வண்டன்மேடு என்று மலை முழுக்கச் சிறிதும் பெரிதுமான தோட்டங்கள். முதலாளிகளில் பலருக்கு வீடு போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும். காய் எடுக்கிற கையும் இந்தப் பக்கத்துக் கைதான். கடன் கொடுத்தவர், கணக்கு எழுதியவர், சாக்கு தைத்தவர் எல்லோரும் கீழே இருந்தார்கள். இன்னொன்று, மலைக்கு மேற்கே மழை கொட்டும்போது கிழக்குச் சரிவின் அடிவாரம் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். ஈரம் பட்டால் நிறமும் மணமும் போய்விடுகிற சரக்குக்கு இதைவிட நல்ல கிட்டங்கி எது? 1956 நவம்பர் 1-இல் தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனது. தோட்டம் ஒரு மாநிலம், கிட்டங்கி ஒரு மாநிலம் என்றே நிலைத்த பிறகும் காய் கிழக்கேதான் இறங்கியது.

செடியிலிருந்து எடுக்கும்போது காய் பச்சையாக, கனமாக இருக்கும். தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில், முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த முதுகு, ஈரத் தரை, அட்டை. அதைத் தோட்டத்து ஸ்டோரில் இரவெல்லாம் மிதமான சூட்டில் உலர்த்துவார்கள். நாலைந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். சூடு ஏறினால் நிறம் போகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். நிறம் போனால் விலை போயிற்று. அரபு நாட்டுக்காரர் காப்பிக்குப் போடுகிற காய் கிளிப்பச்சையாக இருக்க வேண்டும்.

போடிக்கு வந்த பிறகு காய் பெண்கள் கைக்குத் திரும்புகிறது. கிட்டங்கிகளில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, காம்பு கிள்ளி, வெடித்ததை ஒதுக்கி, சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ராஜ மரியாதை. அந்த வேலை செய்கிறவர்கள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும் மலைமேல் புற்றடியிலும் நடக்கிறது. முன்னே வாயால் கேட்ட ஏலம், இப்போது கம்ப்யூட்டர். ஆனால் மாதிரி பார்ப்பது மாறவில்லை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் சின்னப் பொட்டலம் வியாபாரி கைக்கு வரும். பிரித்து உள்ளங்கையில் கொட்டுவார். உருட்டுவார். ஒன்றை நகத்தால் கீறி உள்ளே அரிசி கறுப்பாக இருக்கிறதா, ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கும் என்று கண்ணாலேயே எடை போடுவார். பிறகு பொத்தானை அழுத்துவார். பார்த்து முடித்த காயைத் தரையில் எறிகிற வழக்கம் இந்த ஏலக்கூடங்களில் உண்டு. கிலோ இத்தனை ஆயிரம் என்று திரையில் எண் ஓட, காலடியில் அதே காய் நெரியும். முதல் முறை பார்ப்பவர் குனிந்து பொறுக்கத்தான் போவார்.

2019 ஆகஸ்ட் ஆரம்பத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய வருஷத்து வெள்ளமும் அந்த வருஷத்து வறட்சியும் விளைச்சலைக் குறைத்திருந்தன. போடியில் வேறு பேச்சே இல்லை. மூன்றே வருஷத்தில் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. எங்கோ மத்திய அமெரிக்காவில் இருக்கிற குவாதிமாலா நம்மைவிட அதிகம் விளைவிக்கிறது, அங்கே மழை தப்பினால் இங்கே நகைக்கடையில் கூட்டம். போடியில் கல்யாணப் பேச்சு எந்த மாசம் தொடங்கும் என்பதைக்கூடக் காய் விலைதான் தீர்மானிக்கும் என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகை, கொஞ்சம்தான்.

இத்தனை காயும் இப்போது ரயிலில் போவதில்லை. லாரியில் போகிறது.

மெட்டு

மேற்கு மலையின் முகட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறங்குகிற இடத்துக்கு மெட்டு என்று பெயர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்துமெட்டு, ராமக்கல்மெட்டு. ரோடு வருமுன் தலைச்சுமையும் கழுதையும் ஏறிய பாதைகள் இவை. போடிமெட்டு வழியாகக் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை போகிறது. சாக்கலூத்துக்கு ரோடு கேட்டுத் தேவாரத்துக்காரர்கள் பல காலமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலமலையில் நின்று பார்த்தால் முகடு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக, வடக்கே போடி சுற்றித்தான் ஏற வேண்டும். கூலியில் ஜீப்புக்கும், நாளில் பயணத்துக்கும் பங்கு போய்விடுகிறது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சரிவும் சுமையும் புரியும்.

ரயில் நின்றபோது போடி தாங்கியது. மெட்டு அடைபட்டபோதுதான் ஊருக்கு மூச்சு முட்டியது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது இரண்டு பக்கமும் ரோடு மறித்தார்கள். மேலே தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதைகளில் இறங்கி வந்தன. கழுதைத் தடங்கள் மறுபடி மனுஷத் தடங்கள் ஆயின. 2020-இல் கொரோனா ஊரடங்கில் சோதனைச்சாவடி மூடியது. செடியில் காய் முற்றி உதிர, எடுக்கிற கை அடிவாரத்தில் ரேஷன் அரிசிக்கு நின்றது. அந்த மாதங்களில் விடியற்காலை சிலமலை அத்தனை அமைதியாக இருந்தது. யாருக்கும் அந்த அமைதி பிடிக்கவில்லை.

போடியைத் தாண்டி மலைக்குள் ரயில் போகவேண்டும், குமுளி, கோட்டயம் என்று இணைக்கவேண்டும் என்கிற பேச்சு எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருக்கிறது. மலையைக் குடையக் கடைசியில் வந்தது ரயில் இல்லை, நியூட்ரினோ. சிலமலைக்குத் தெற்கே பொட்டிபுரத்தில், மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி ஆய்வுக்கூடம் வைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு, வழக்கு, தடை என்று அது நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத துகளுக்குச் சுரங்கம் வைக்கிறவர்கள் நமக்கு ஒரு ரயில் சுரங்கம் வைக்கக்கூடாதா என்று டீக்கடையில் கேட்பார்கள். கேலியா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

மூன்றாம் ரயில்

2010 டிசம்பர் 31-உடன் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை போடுகிறோம், கொஞ்ச காலம் பொறுங்கள் என்றார்கள். தண்டவாளத்தை எடுத்தார்கள். ஊரில் பெரியவர்களுக்கு 1942 ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கொஞ்ச காலம் பன்னிரண்டரை வருஷம் ஆனது. வருஷா வருஷம் ரயில்வே பட்ஜெட்டில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகையைப் பத்திரிகையில் படித்துவிட்டுச் சிரிக்கப் பழகிக்கொண்டோம். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி வழியை அகலமாக்க வேண்டியிருந்தது. ரயில் தவணை முறையில் வந்தது: முதலில் உசிலம்பட்டி வரை, அப்புறம் ஆண்டிபட்டி, அப்புறம் தேனி. 75 கிலோமீட்டர், 500 கோடிக்கு மேல் செலவு. 2022 மே 26-இல் பிரதமர் சென்னையிலிருந்து மதுரை–தேனிப் பாதையைத் திறந்துவைத்தார். தேனிக்கு வந்துவிட்டது, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நமக்கு வரவில்லை. அந்த ஒரு வருஷம் போடிக்காரர்கள் தேனிக்காரர்களிடம் சரியாக முகம்கொடுத்துப் பேசினார்களா என்பது சந்தேகம். டிசம்பரில் சோதனை எஞ்சின் வந்தது. 2023 ஜூன் 15 அன்று மத்திய இணை அமைச்சர் எல். முருகன் கொடியசைக்க, போடியிலிருந்து சென்னைக்கே ரயில் கிளம்பியது. வாரத்துக்கு மூன்று நாள் சென்னை சென்ட்ரல் ரயில், தினமும் மதுரை ரயில்.

முதல் இரண்டு ரயிலும் சரக்கை நினைத்துப் போட்டவை. மூன்றாவது ரயில் ஆட்களுக்கானது. மதுரை ரயிலில் ஏறுகிறவர்களைப் பாருங்கள்: பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் கவரோடு போகிறவர், காலேஜ் பிள்ளைகள், பஸ்ஸைவிடக் கட்டணம் குறைவு என்று கணக்குப் போட்டு வந்த குடும்பம், ஆரப்பாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாறத் தெம்பில்லாத பாட்டி. சென்னை ரயிலில் வேறு கூட்டம். ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகள், அவர்களைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள். சீட்டுக்கு அடியில் அரிசிமூட்டை, தேங்காய், ஒரு பையில் நிச்சயமாகக் காய். நூறு கிராம்தான் இருக்கும், பெட்டி முழுக்கச் சொல்லிவிடும். ‘யாருப்பா ஏலக்காய் கொண்டு வர்றது’ என்று மதுரையில் ஏறியவர் கேட்பார். போடிக்காரருக்கு அந்த வாசனை தெரியாது. அவர் மூக்கு அதற்குப் பழகிப் பல வருஷம் ஆயிற்று.

ஜமீன் அரண்மனையின் சுவரோவியம் பார்க்கவும், குரங்கணி ஏறவும், கொழுக்குமலை சூரிய உதயம் பார்க்கவும் சுற்றுலாக்காரர்கள் இந்த ரயிலில் வருவார்கள் என்றார்கள். வருகிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே நின்று மலையைப் போனில் படம் எடுக்கிறார்கள். டாப் ஸ்டேஷன் போக எந்த பிளாட்பாரம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள்.

சாயங்காலம் மதுரை ரயில் கிளம்புகிற நேரத்துக்குத்தான் ஜீப்புகளும் மலையிறங்கி ஊருக்குள் வருகின்றன. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தால் அவை வரிசையாக நிற்கும். ஹாரன் அடிக்க மாட்டார்கள், உள்ளே பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். ரயில் போய் முடிந்து கேட் தூக்கியதும் தெற்கே திரும்பினால் சிலமலை. இருட்டிய பிறகு பெண்கள் இறங்குகிறார்கள். பிளாஸ்டிக் தாளை உதறி மடிக்கிறார்கள். மேலே நல்ல மழை போல, தாளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே ரோடு காய்ந்து கிடக்கிறது. ‘நாளைக்கு நாலே கால்’ என்று டிரைவர் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார்.